சிவப்பு ஆச்சரியக்குறி மான்மியம்

1865 மே மாதம் பாரீஸில் 20 தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, சர்வதேசத் தந்தி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கம்பி ஒன்று, சேதி ஆயிரம். எது முன்னே போவது என்பதற்கும் அதில் விதி உண்டு. ராஜாங்கத் தந்திக்கு முதலிடம். தந்தி இலாகா தனக்குத்தானே அடித்துக்கொள்கிற தந்திக்கு இரண்டாமிடம். காசு கொடுத்து அனுப்புகிற பொதுஜனத்துக்குக் கடைசி இடம். விதியை எழுதியவர்கள் யார் என்பதை, கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டாமலேயே சொல்லிவிடலாம்.

பொதுஜனத்துக்கும் அவசரம் உண்டு என்பது இலாகாவுக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அதில் காசு பார்க்கலாம் என்பதும் அதே வேகத்தில் உறைத்தது. மூன்று மடங்கு கட்டணம் கட்டினால் தந்தியின் முகப்பில் ‘டி’ என்று ஓர் எழுத்து விழும். விழுந்தால் அது மற்ற தனியார் தந்திகளைத் தாண்டிக்கொண்டு போகும். அவசரத்தை அளக்க இதைவிடத் துல்லியமான கருவியை மனிதகுலம் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. நம்மூர் டிரங்க் கால் காலத்திலும் இதே கதைதான். ஆர்டினரி, அர்ஜென்ட், அதற்கும் மேலே லைட்னிங். லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. “ரொம்ப அவசரம்மா, லைட்னிங் போடுங்க” என்று ஆரம்பிப்பவர், எட்டு மடங்கு என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து பதில் வந்ததும் சற்று யோசித்து, “அர்ஜென்டே போதும், அவரு இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவாரு” என்று இறங்கி வருவார்.

காசு வாங்காமல் அவசரத்தை வரிசைப்படுத்த ஒரே இடத்தால்தான் முடிந்தது. ராணுவம். அமெரிக்க ராணுவத்தில் சேதிகளுக்கு நான்கு படி: ரொட்டீன், பிரையாரிட்டி, இம்மீடியட், ஃப்ளாஷ். தேவையில்லாமல் ஃப்ளாஷ் போட்டால் மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார் என்பதுதான் அங்கே கட்டணம்.

ஆனால் அந்த ராணுவமே ஒருமுறை முத்திரை குத்த மறந்தது. 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் வாஷிங்டனில் வழக்கம்போல் காலையில் குதிரைச் சவாரி போய்விட்டு, குளித்துவிட்டு, ஆபீசுக்கு வந்து பார்த்தால் மேஜையில் ஜப்பானியர்களின் ரகசியச் சேதி, குறி உடைக்கப்பட்டுக் காத்திருக்கிறது. ஏதோ நடக்கப்போகிறது, உஷார் என்று ஹவாய்க்குக் கைப்பட எழுதினார். பக்கத்திலேயே ஸ்க்ராம்ப்ளர் டெலிபோன் இருந்தது. ஒட்டுக்கேட்டுவிடுவார்கள் என்று அதைத் தொடவில்லை. ராணுவ ரேடியோவோ அன்றைக்கு வானிலை சரியில்லாமல் ஹொனலூலுவை எட்டவில்லை. ஆகவே உலகின் மிகப்பெரிய வல்லரசுகளில் ஒன்று, நீங்களும் நானும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிற மாதிரி, தனியார் தந்திக் கம்பெனியிடம் சேதியைக் கொடுத்தது. ஹொனலூலு நேரம் 7:33க்கு அது ஆர்.சி.ஏ. அலுவலகத்தில் இறங்கிவிட்டது. ஜப்பானியர்களின் முதல் குண்டு விழ இன்னும் 22 நிமிஷம். உறையின் மேலே ‘கமாண்டிங் ஜெனரல்’ என்று முகவரி இருந்தது. அவசரம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆர்.சி.ஏ. பையன், அவனும் ஜப்பானிய வம்சாவளிதான், மற்ற தந்திகளோடு இதையும் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். தலைக்கு மேலே விமானங்கள், தெருவெல்லாம் தடுப்பு, ஆளாளுக்கு நிறுத்தி விசாரணை. ஃபோர்ட் ஷாஃப்டரில் அவன் தந்தியைக் கொடுத்தபோது மணி 11:45. அதைக் குறி பிரித்து ஜெனரல் கையில் சேர்த்தபோது பிற்பகல் மூன்று மணி ஆகப்போகிறது. தாக்குதல் வரலாம் என்ற எச்சரிக்கையை, கப்பல்கள் எரிந்துகொண்டிருக்கும்போது படிப்பது ஒரு தனி அனுபவமாக இருந்திருக்கும். முத்திரை இருந்திருந்தால் மட்டும் 22 நிமிஷத்தில் என்ன கிழித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. ராணுவம் அதற்குள் போகவில்லை. அதற்கு உறைத்த பாடம் ஒன்றே ஒன்று: இனிமேல் முத்திரை.

அந்தப் பாடத்தின் உச்சம் 1960-களில் வந்த ஆட்டோவான் டெலிபோன். அமெரிக்க ராணுவத்துக்கென்றே தனி நெட்வொர்க். அந்தப் போனில் மூன்று வரிசைப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு வரிசை இருக்கும்: பிரையாரிட்டி, இம்மீடியட், ஃப்ளாஷ், எல்லாவற்றுக்கும் மேலே ஃப்ளாஷ் ஓவர்ரைடு. உங்களுடைய படி பெரிதாக இருந்து லைன் காலியில்லை என்றால், எக்ஸ்சேஞ்ச் கீழ்ப்படியில் பேசிக்கொண்டிருப்பவரைப் பாதி வாக்கியத்தில் வெட்டிவிட்டு உங்களுக்கு வழி விடும். ஃப்ளாஷ் ஓவர்ரைடு ஜனாதிபதி, பாதுகாப்புச் செயலர், முப்படைத் தலைவர்கள் போன்ற ஒரு கைப்பிடி ஆட்களுக்கு மட்டும். பொத்தான் இருக்கிறதே என்று கேன்டீன் மேனேஜர் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. எந்த லைனுக்கு எந்தப் படிவரை அனுமதி என்பது எக்ஸ்சேஞ்சிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. யார் சொல்வதை நம்பலாம் என்பதை வாங்குகிறவன் முடிவு செய்கிற ஏற்பாடு. இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் வரப்போகிறவர்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

இனி நம் கதாநாயகன் ஈமெயில்.

1982-இல் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்.எஃப்.சி. 822 என்கிற விதி ஆவணம்தான் ஈமெயிலின் மனுநீதி. யாரிடமிருந்து, யாருக்கு, என்ன தேதி, என்ன பொருள், எல்லாவற்றுக்கும் அதில் ஹெடர் உண்டு. அவசரத்துக்கு மட்டும் இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்த காலம், அவசரத்துக்கு என்ன வேலை? ஆனால் மனுஷர் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். எக்ஸ் என்று ஆரம்பிக்கிற ஹெடர்களை நாங்கள் தொடமாட்டோம், உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டார். பின்னாளில் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்தவர்களைப் பார்த்தால் கதவையே திறந்து வைத்திருக்கலாம் போலிருக்கிறது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் தபால் ஆபீஸ் முறையில் போனது. அதன் ஹெடருக்குப் பெயர் பிரிசிடென்ஸ். ஸ்பெஷல் டெலிவரிக்கு 100 மதிப்பெண், ஃபர்ஸ்ட் கிளாஸுக்குப் பூஜ்யம், பல்க் என்றால் மைனஸ் 60, ஜங்க் என்றால் மைனஸ் 100. நீங்கள் எழுதிய கடிதத்தின் தலையில் நீங்களே ‘குப்பை’ என்று எழுதி அனுப்புவீர்கள் என்று நம்பியது அந்தத் தலைமுறை. பொற்காலம் என்றால் அதுதான்.

ஐரோப்பாவில் வேறு ஜாதி ஆட்கள் இருந்தார்கள். 1984-இல் தந்தி-தொலைபேசிக் கமிட்டிக்காரர்கள், 1865-இன் நேர் வாரிசுகள், எக்ஸ்.400 என்று ஒரு அஞ்சல் முறையைக் கொண்டுவந்தார்கள். நாடு, நிர்வாக மண்டலம், தனியார் மண்டலம், நிறுவனம், குடும்பப் பெயர், இடுபெயர் என்று அதன் முகவரி ஒரு ஜாதகத்தின் நீளம் இருக்கும். பொதுப் புழக்கத்தில் அந்த முறை செத்தது நியாயமே. ஆனால் அதில் ஒரு விவேகம் இருந்தது. பிரையாரிட்டி என்று ஒன்று: கடிதத்தை எவ்வளவு வேகமாகச் சுமக்க வேண்டும் என்று தபால்காரனுக்குச் சொல்வது. இம்பார்ட்டன்ஸ் என்று இன்னொன்று: விஷயம் எவ்வளவு முக்கியம் என்று படிப்பவனுக்குச் சொல்வது. கல்யாணப் பத்திரிகை முக்கியம், ஆனால் அவசரமில்லை. “கேஸை மூடிட்டு வாங்க” என்பது அவசரம், ஆனால் ஃபைலில் போட்டு வைக்க வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு என்பது கமிட்டிக்குப் புரிந்திருந்தது. கமிட்டிகளுக்கு எப்போதாவது இப்படி நேர்ந்துவிடும்.

இந்த எக்ஸ்.400 ஆட்களும் 822 ஆட்களும் கடிதம் மாற்றிக்கொள்ள ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே. லண்டனில் ஸ்டீவ் கில் 1986-இல் ஆரம்பித்து, 1998-இன் ஆர்.எஃப்.சி. 2156 வரை அந்த அகராதியை எழுதிக்கொண்டே இருந்தார். பிரையாரிட்டிக்கு மூன்று படி, இம்பார்ட்டன்ஸுக்கு மூன்று படி என்று ஈமெயில் ஹெடர்கள் முறையாக வந்துசேர்ந்தது அந்த வழியாகத்தான். முறையாக வந்ததால் யாரும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை.

ஏனென்றால் அதற்குள் ஜன்னல் பக்கம் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. எக்ஸ்-பிரையாரிட்டி என்று ஒரு ஹெடர் எந்தக் கமிட்டியையும் கேட்காமல் உள்ளே குதித்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. 1 உச்சம், 5 பாதாளம். யூடோரா என்கிற மெயில் மென்பொருளில் அதற்கு மேல்நோக்கி, கீழ்நோக்கி அம்புகள். மைக்ரோசாஃப்ட் தனக்கென்று எக்ஸ்-எம்எஸ்மெயில்-பிரையாரிட்டி என்று ஒன்று. லோட்டஸ் நோட்ஸ் ஒரு படி மேலே போய், குறைந்த அவசரம் என்று நீங்கள் குறித்தால் அதை நிஜமாகவே நம்பி, நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் நடுவில் அனுப்பியது. பாவம், அந்த மென்பொருள் கடைசிவரை மனிதர்களைப் புரிந்துகொள்ளவில்லை.

சரித்திரத்தின் திருப்புமுனை அவுட்லுக்கின் சிவப்பு ஆச்சரியக்குறி. பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு நீல அம்பும் இருந்தது. அது யார் கைபட்டும் தேயவில்லை. ‘டி’ போட மூன்று மடங்கு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு, ஃப்ளாஷுக்கு மேலதிகாரியின் முறைப்பு. சிவப்பு ஆச்சரியக்குறிக்கு? ஒரு க்ளிக். அதுவும் இலவசம். அன்றிலிருந்து ஆபீசில் மதியச் சாப்பாட்டு மெனு மாறியதும், லிஃப்ட் பராமரிப்பும், யாரோ பார்க்கிங்கில் விட்டுப்போன ஹெல்மெட்டும் தீப்பற்றி எரிய ஆரம்பித்தன. 1999-இல் மெலிஸா வைரஸ் வந்தபோது அதன் பொருள் வரியிலேயே ‘முக்கியமான சேதி’ என்று போட்டுக்கொண்டுதான் வந்தது. ஆபீஸ் பழக்கத்தைக் கவனித்து எழுதிய வைரஸ் அது.

விளைவு என்ன தெரியுமா? ஸ்பாம்அசாசின் என்கிற குப்பை வடிகட்டி, அவசர ஹெடரைக் குப்பையின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எம்எஸ்மெயில்-பிரையாரிட்டி இருக்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்டின் மற்ற முத்திரை இல்லை என்றால், ஆசாமி வேஷம் போடுகிறான் என்று புள்ளி ஏற்றும். அவசரம் என்று கத்தினால் உங்கள் கடிதம் குப்பைத்தொட்டிக்கு ஓரடி கிட்டே போகும். 140 வருஷப் பரிணாமத்தில் மனிதகுலம் வந்து நின்ற இடம் இது.

இன்னொரு பக்கம், புகார்ப் பெட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன. 1994-இல் இயன் ஜாக்சன், டெபியன் என்கிற இயங்குதளத்துக்கு பக் (பிழை) பதிவேடு எழுதினார். 1998-இல் நெட்ஸ்கேப்பின் பக்ஸில்லா வெளியே வந்தது. பிறகு ஜீரா, ரெட்மைன். எல்லாவற்றிலும் ஈமெயில் அனுப்பினால் டிக்கெட்டாக மாறும் வசதி ஆரம்பத்திலேயோ பிற்பாடோ வந்தது. டிக்கெட் ஆனதும் அதற்குப் படி வேண்டும். பக்ஸில்லா இரண்டு கட்டம் வைத்தது: எவ்வளவு வலிக்கிறது என்பதற்கு சிவியாரிட்டி, எப்போது பார்ப்போம் என்பதற்குப் பிரையாரிட்டி. முதலாவதை நோயாளி சொல்லலாம், இரண்டாவதை டாக்டர் சொல்ல வேண்டும். ஜீராவின் பழைய பட்டியல் பிளாக்கரில் ஆரம்பித்து ட்ரிவியலில் முடியும். நடுவில் மேஜர், அதுதான் எதுவும் சொல்லாவிட்டால் தானாக விழுவது. அதாவது ஜீராவில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் பிறக்கும்போதே மேஜர்.

இந்தக் கட்டத்தில், உலகின் எல்லா ஐ.டி. பிரிவுகளிலும் யாரோ ஒரு புத்திசாலிக்கு அந்த யோசனை தோன்றியது. “மெயிலில்தான் பிரையாரிட்டி இருக்கிறதே, அதை அப்படியே டிக்கெட்டில் ஏற்றிவிட்டால் என்ன?”

அப்படியே ஏற்றினார்கள். கொஞ்சம் கிட்டேபோய்ப் பார்ப்போம், ரெட்மைனை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்ததும் அதில் இருப்பவை ஐந்து: லோ, நார்மல், ஹை, அர்ஜென்ட், இம்மீடியட். எக்ஸ்-பிரையாரிட்டியிலும் ஐந்து. ஐந்துக்கு ஐந்து, ஜாதகமே பொருந்தியாயிற்று! முதல் கோஷ்டி எண்ணை அப்படியே ஊற்றியது: 1 என்றால் முதல் படி, 5 என்றால் ஐந்தாம் படி. மெயிலில் 1 உச்சம், ரெட்மைனில் முதல் படி லோ. சர்வர் விழுந்துவிட்டது என்று அலறிய மெயில் லோவாகப் போய்ப் படுத்துக்கொண்டது. பொங்கல் வாழ்த்து இம்மீடியட் ஆனது.

இரண்டாவது கோஷ்டி விவரமானது. தலைகீழாகத் திருப்பிப் போட்டது: 5-க்கு லோ, 4-க்கு நார்மல், 3-க்கு ஹை, 2-க்கு அர்ஜென்ட், 1-க்கு இம்மீடியட். கச்சிதம். ஒரே ஒரு சிக்கல், மெயிலில் சாதாரணம் என்பது 3, நட்டநடு. ரெட்மைனில் சாதாரணம் என்பது கீழிருந்து இரண்டாவது. போதாக்குறைக்கு, பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் ஒவ்வொரு மெயிலிலும் எக்ஸ்-பிரையாரிட்டி 3 என்று எழுதி அனுப்பும் நல்ல பிள்ளை. ஆக, யாரும் எதுவும் கேட்காமலே அத்தனை டிக்கெட்டும் ஹை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் வரைபடத்தைக் காட்டி, “ஹை பிரையாரிட்டி ஏன் இவ்வளவு இருக்கு? டீம் என்ன பண்ணுது?” என்று கேட்பார். டீம் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் பதில், ஆனால் சொல்ல முடியாது.

இதிலும் தப்பியவர்களுக்கு மூன்றாவது கண்டம். ஒரே மெயிலில் இம்பார்ட்டன்ஸ் ஹை என்கிறது, எக்ஸ்-பிரையாரிட்டி 3 என்கிறது, எம்எஸ்மெயில் காரன் தனியாக நார்மல் என்கிறான். எதை நம்புவது? சில இடங்களில் 1 என்று மட்டும் வரும். சில இடங்களில் 1 என்று போட்டு அடைப்புக்குறிக்குள் ஹையஸ்ட் என்று விளக்கமும் வரும். எண்ணை மட்டும் எதிர்பார்த்த ஸ்க்ரிப்ட் அடைப்புக்குறியைக் கண்டதும் மல்லாந்துவிடும். அதைச் சரிசெய்யச் சொல்லி ஒரு டிக்கெட் போடுவார்கள். அதன் பிரையாரிட்டி ஹை.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு கோளாறு எந்தச் சூத்திரத்திலும் தீராது. கடிதத்தின் பிரையாரிட்டி என்பது தபால்காரனுக்குச் சொன்னது. எக்ஸ்.400 கமிட்டி அதை எழுதியே வைத்திருந்தது. டிக்கெட்டின் பிரையாரிட்டி வேலை செய்கிறவனுக்குச் சொல்வது. முன்னதை எடுத்துப் பின்னதில் ஒட்டுவது, விரைவுத் தபாலில் வந்த கல்யாணத்துக்கு முதலில் தாலி கட்டச் சொல்வது.

டெபியன்காரர்கள் மட்டும் வேறு வழியில் போனார்கள். ஹெடரை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடிதத்தின் உடம்பில், முதல் சில வரிகளுக்குள், சிவியாரிட்டி என்று நீங்களே கையால் தட்ட வேண்டும்: கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் என்று இறங்கி விஷ்லிஸ்ட் வரை. ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் இலக்கணம். கிரிட்டிகல் என்று சொல்ல வேண்டுமானால் சம்பந்தமில்லாத மற்ற மென்பொருளையும் கெடுத்திருக்க வேண்டும், அல்லது பெரும் தரவு இழப்பு, அல்லது நிறுவினாலே பாதுகாப்பு ஓட்டை. “எனக்கு எரிச்சலாக இருக்கிறது” என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இலக்கணத்தை மீறி கிரேவ் போட்டால், பொதியைப் பராமரிப்பவர் ஒரே ஒரு வரி மெயில் அனுப்பி அதை விஷ்லிஸ்டுக்கு இறக்கிவிடுவார். நீங்களும் ஒரு வரி அனுப்பி மறுபடி ஏற்றலாம், ஏனென்றால் அந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அந்தக் கயிறிழுப்பு எல்லாரும் பார்க்கப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். மூன்று மடங்குக் கட்டணத்துக்குப் பிறகு அவசரத்துக்கு விதிக்கப்பட்ட நல்ல கட்டணம், அவமானம்.

2012-இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. எக்ஸ் என்று ஆரம்பிக்கிற ஹெடர் வழக்கத்தையே இனி கைவிடுங்கள் என்று ஆர்.எஃப்.சி. 6648 சொன்னது, எக்ஸ்-பிரையாரிட்டி அதைப் படிக்கவில்லை, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே ஆண்டு ஆர்.எஃப்.சி. 6710, மெயில் சர்வர்களுக்கு நடுவே அவசரத்தைச் சொல்ல மைனஸ் 9 முதல் 9 வரை அளவுகோல் கொடுத்தது. இங்கே 9 உச்சம், சந்தேகமே வேண்டாம், மீண்டும் தலைகீழ். ஆனால் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே, நம்பிக்கைக்குரிய ஆளா என்று பார்த்துக் கொடு என்றும் அதில் இருக்கிறது. ஆட்டோவான் எக்ஸ்சேஞ்ச் ஐம்பது வருஷம் கழித்து ஈமெயில் வீட்டுக்கு வழி கேட்டு வந்து சேர்ந்திருந்தது. நம்மில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டோம். அது ராணுவம், பேரிடர் வேலை மாதிரி இடங்களுக்கென்று எழுதியது.

சரி, மெயிலின் படியை டிக்கெட்டின் படியாக மாற்றுகிற அந்த மேப்பிங்கை என் கையில் கொடுத்தால் நான் செய்வது இதுதான். 1, 2 இரண்டும் ஒரே குழிக்குள், ஹை. அதற்கு மேலே போவது ஆள் பார்த்து ஏற்றினால் மட்டும். 3-ம், ஹெடரே இல்லாததும் நார்மல். மறுபதிலில் வருகிற ஆச்சரியக்குறிக்குக் காது கொடுப்பதில்லை. முதல் மெயிலோடு சரி. ஏற்கெனவே டிக்கெட்டில் மனிதர் யாரேனும் படியை மாற்றியிருந்தால் ஹெடருக்கு அங்கே வேலையில்லை.

4-ம் 5-ம் நேராக இம்மீடியட்டுக்குப் போகும். சிரிக்காதீர்கள். இத்தனை வருஷம் யாரும் தொடாத அந்த நீல அம்பைத் தேடிப்பிடித்து அமுக்குகிற ஆள், கத்தத் தெரியாத ஆள். இரவுப் பணியில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் மாதிரி. அவருடைய மெயில் இப்படித்தான் இருக்கும்: “சார், அவசரமில்லை. சர்வர் ரூம் பக்கம் லேசாகப் புகை வாசனை வருகிறது. நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்கவும்.”